ராத்திரியைப் பங்கு போட்டுக்கொண்டோம்

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்கிற கணக்கு உதவாது. அது எத்தனை துண்டாக வந்தது என்பதுதான் விஷயம். இரவு ஒன்பதுக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழுந்தால் ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருந்ததாகத்தான் கணக்கு வரும். ஆனால் பத்தே காலுக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, அப்புறம் ஒன்றரை, மூன்று, நாலே முக்கால் என்று எழுந்தவளுக்கு அந்த ஒன்பது மணி நேரம் உடம்பில் ஒட்டவே ஒட்டாது. தூறித் தூறி விட்டால் குளம் நிறையுமா? ஒரு முழு மழை வேண்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பாப்பாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, தம்பிக்குப் பத்து மாதம். திருச்சி உறையூரில் வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, பின்பக்கம் சின்னதாக ஓர் அறை. கணவருக்குத் துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். அத்தை எங்களோடு இருக்கிறார். பிரசவத்துக்கு முன்னால் எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாருமே சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார்கள். பூண்டு சேர்த்துக்கோ, சுறாப்புட்டு சாப்பிடு, மாங்காய் வேண்டாம். தூக்கத்தைப் பற்றி மட்டும் “இனிமே உனக்குத் தூக்கம் போச்சு” என்று சிரித்ததோடு சரி. அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழந்தைகள் நல மருத்துவர் பொறுமையாக விளக்கிச் சொல்கிறவர். பெரியவர்களின் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. முதலில் லேசான உறக்கம், அப்புறம் ஆழ்ந்த உறக்கம், அப்புறம் கனவு வருகிற உறக்கம். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில் வந்துவிடும். விடியற்காலை நெருங்க நெருங்கக் கனவு உறக்கம் நீளும். நடுவில் எழுப்பிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. திரும்ப லேசான உறக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கோ ஒரு சுற்றே 50 நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று இருக்கிறது. கிட்டத்தட்ட நம்மைப் போல இரண்டு மடங்கு அது தூங்குகிறது! ஆனாலும் நமக்குத் தூக்கம் இல்லை. அது ராத்திரி பகல் பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்குகிறது, வயிறு சின்னது என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பசித்துவிடுகிறது.

ராத்திரி பகல் தெரிவதற்கே அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. இருட்டினால் உடம்பில் சுரக்கிற மெலடோனின் அந்த வயதில்தான் ஒரு ஒழுங்குக்கு வருகிறது. அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுதான், வித்தியாசத்தைக் காட்டிக்கொண்டே இருப்பது. பாப்பா பிறந்தபோது நான் காரைக்குடியில் அம்மா வீட்டில் இருந்தேன். காலையில் எட்டு மணிக்கெல்லாம் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவார். பகலில் குழந்தை தூங்குகிறதே என்று யாரும் குரலைத் தாழ்த்த மாட்டார்கள். மிக்ஸி ஓடும், பாத்திரம் விழும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஹாலில் ட்யூப்லைட் எரியாது, ஜீரோ வாட் பல்புதான். ராத்திரி ஈரத்துணி மாற்றினால் அம்மா குழந்தையோடு பேசவே மாட்டார், முகத்தையும் பார்க்க மாட்டார். “பேசினா விளையாட்டுன்னு நெனச்சுக்கும்” என்பார். இதையெல்லாம் அம்மாவுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. மருத்துவரிடம் சொன்னபோது, நான் சொல்ல வந்ததும் இதுதான் என்றார்.

அம்மாவிடம் நான் கற்ற இன்னொன்று இதைவிடப் பெரிது. குழந்தை ராத்திரியில் முனகும், முகத்தைச் சுளிக்கும், கை காலை உதறும், சில சமயம் ஒரு சின்ன அழுகைகூட வரும். பார்த்தால் விழித்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் அது தூக்கத்தில்தான் இருக்கிறது. பச்சிளம் குழந்தையின் தூக்கத்தில் பாதி இப்படித் துடிப்பான தூக்கம். நாம் பதறித் தூக்கினால் தூங்குகிற குழந்தையை எழுப்பியதாகிவிடும். அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார். “இரு. நெஜமாவே எந்திரிச்சா அழுகை ஏறும். இது எறங்கிரும்.” நிறைய ராத்திரிகளில் அது இறங்கத்தான் செய்தது. ஒரு நிமிடம் சும்மா இருந்து பார்ப்பது. கேட்க அற்பமாக இருக்கிறது, ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் பக்கத்து வழக்கம். அதில் ஓர் ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. குழந்தை மிக மோசமாகத் தூங்குகிற மாதங்களில் பெண்ணுக்குப் பக்கத்தில் ராத்திரி எழுந்திருக்க இன்னொரு ஆள் இருக்கிறார். சிக்கல் எப்போது வருகிறதென்றால், ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்துக் கணவர் வீட்டுக்கு அழைத்து வரும்போது. நாலாம் மாதத்தையொட்டிக் குழந்தையின் தூக்க அமைப்பே மாறி, பெரியவர்களுடையதைப் போல நிலை நிலையாகப் பிரிய ஆரம்பிக்கிறது. அதுவரை ஓரளவு நன்றாகத் தூங்கிய குழந்தை திடீரென்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழும். சரியாக அந்த நேரத்தில்தான் வீடும் மாறுகிறது, ராத்திரி உதவிக்கு இருந்த ஆளும் இல்லாமல் போகிறார். பாப்பா விஷயத்தில் இங்கே வந்ததும் இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். சுற்றிப் போட்டதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அது அன்பில் செய்வது. ஆனால் இந்த மாற்றம் வளர்ச்சியில் வருவது, சில வாரத்தில் அடங்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த வாரங்கள் அவ்வளவு பயமாக இருந்திருக்காது. ஐந்தாம் மாதம் மகளை அனுப்புகிற அம்மாக்கள் முடிந்தால் கூடவே வந்து ஒரு பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம். சீர்வரிசைத் தட்டைவிட அது பெரிய உதவி.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு மூட்டு வலி. காரைக்குடி போகவில்லை. அப்போதுதான் ராத்திரியைப் பங்கு போட்டோம். யோசனை கணவருடையது. ஷிப்டு வேலை பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது, ஒரே ஆள் எல்லா ஷிப்டும் பார்க்க முடியாது. “மிஷினுக்கே ரிலீவர் இருக்கு, உனக்கு இல்லன்னா எப்படி?” என்று கேட்டார்.

ஏற்பாடு இதுதான். இரண்டு பேருக்கும் தினமும் ஒரு துண்டு, குறைந்தது நாலு மணி நேரம், யாரும் எழுப்பாத துண்டாகக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை எப்படி அழுதாலும் அது மற்றவர் பொறுப்பு. பி ஷிப்டு வாரம்தான் சுலபம். ராத்திரி பத்துக்கு வேலை முடிந்து பதினொன்றுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தவுடன் தூக்கம் வராது, எப்படியும் மூன்று மணி வரை விழித்திருக்கக்கூடியவர். பதினொன்று முதல் மூன்று வரை தம்பி அவரிடம். நான் பின்பக்கத்து அறையில் கதவைச் சாத்திப் படுத்துக்கொள்வேன். மூன்றுக்கு என் முறை, அவர் ஒன்பதரை வரை தூங்குவார். சி ஷிப்டு வாரத்தில் அவர் ராத்திரி இருக்க மாட்டார். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அத்தை பார்த்துக்கொள்வார். காலையில் அவர் வந்து தூங்குகிற பின்பக்கத்து அறையின் ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி போட்டோம். குக்கர் விசில் அவர் எழுந்த பிறகுதான். ஏ ஷிப்டு வாரம் எல்லாருக்குமே சிரமம். விடியற்காலை நாலு மணிக்கு அவர் எழும்போது அத்தையும் காபி போட எழுந்துவிடுவார். அந்த நேரத்துப் பாலைக் கொடுத்துத் தம்பியை அத்தையிடம் விட்டுவிட்டு நான் ஏழு வரை படுப்பேன். மூன்று மணி நேரம்தான் வரும். மீதியைச் சாயங்காலம் அவர் வந்த பிறகு ஈடுகட்டுவேன்.

தாய்ப்பால் கொடுக்கிறவள் எப்படி நாலு மணி நேரம் தள்ளி இருக்க முடியும் என்று கேட்பார்கள். முதல் மாதம் முடியவில்லைதான். அப்போது வேலையைப் பாதியாகப் பிரித்தோம். பால் கொடுப்பது இருபது நிமிடம் என்றால் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, திரும்பத் தூங்க வைப்பது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். அந்த இரண்டாம் பாதி முழுக்க அவருடையது. பால் குடித்து முடித்ததும் நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். பால் சுரப்பு நன்றாக நிலைப்பட்ட பிறகு எடுத்து வைக்கத் தொடங்கினேன். கொதிக்க வைத்து ஆறிய மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, நேரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவேன். சாதாரண அறையில் நாலு மணி நேரம் வரை வைக்கலாம் என்பார்கள். திருச்சி வெயிலுக்கு நான் உடனே ஃப்ரிட்ஜில்தான் வைத்தேன். கொடுக்கும்போது கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திக் குளிர் போக்கினால் போதும், அடுப்பில் வைக்கக் கூடாது.

அவர் பாட்டில் பழக்கவில்லை. பாலாடைதான், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தம்பியைக் கொஞ்சம் நிமிர்த்தி மடியில் வைத்து, தாடைக்குக் கீழே ஒரு துண்டு. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து லேசாகச் சாய்ப்பார். தம்பி நாக்கை நீட்டி நக்கி, விழுங்கி, அடுத்ததற்கு வாயைத் திறக்கிற வரைக்கும் அவர் கை அசையாது. இரும்போடு வேலை செய்து காய்ப்பு ஏறிய கை அது. ஒரு சொட்டு கழுத்தில் இறங்காமல் அவர் அதைக் கற்றுக்கொண்டார். பாலை அவசரமாக ஊற்றினால் புரை ஏறிவிடும், குழந்தை விழுங்குகிற வேகத்துக்குத்தான் நாம் போக வேண்டும். இதை இங்கே விவரமாக எழுதுவதற்குக் காரணம், அப்பாக்களால் ராத்திரியில் எதுவும் செய்ய முடியாது என்று இன்னும் நிறைய வீடுகளில் நம்புகிறார்கள். செய்ய முடியும். காட்டிக்கொடுக்க வேண்டும், அப்புறம் குறுக்கே பேசாமல் விட்டுவிட வேண்டும்.

அவர் எடுத்த இன்னொரு முடிவைச் சொல்ல வேண்டும். தம்பி பிறந்த முதல் சில மாதம் அவர் வண்டியைத் தொடவில்லை. துவாக்குடிக்குத் தஞ்சாவூர் ரோட்டில் போக வேண்டும், பெரிய பெரிய லாரிகள் ஓடுகிற தேசிய நெடுஞ்சாலை அது. நிறுவன பஸ்ஸில் ஏறித் தூங்கிக்கொண்டே போனார், வந்தார். 17 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருக்கிறவரின் கவனமும் கை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். குடித்துவிட்டு வண்டி எடுத்தால் வீட்டில் விடுவோமா? ராத்திரி முழுக்கக் குழந்தையோடு விழித்த அப்பா காலையில் ஹெல்மெட்டை எடுத்தால் மட்டும் “பாத்துப் போங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை.

தூக்கம் குறைந்த வீட்டில் குழந்தையைப் படுக்க வைக்கிற இடத்திலும் கவனம் வேண்டும். அசதியில்தான் விபத்து நடக்கிறது. சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கண் அசருவது மிக ஆபத்து. குழந்தை நழுவி இடுக்கில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். கண் சொக்குகிறது என்றால் தரையில் பாயில் உட்கார்ந்து கொடுப்பது நல்லது. குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தலை வடிவத்துக்கு என்று அத்தை ஆசையாகக் கடுகு தலையணை தைத்து வைத்திருந்தார். ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், படுக்கையில் தலை வைக்கிற பக்கத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள், தலை உருண்டையாகிவிடும் என்றார். அப்படித்தான் ஆனது. அந்தத் தலையணை இப்போது பாப்பாவின் பொம்மைக்கு.

தூளியைப் பற்றியும் கேட்டேன். என் பழைய நூல் புடவையில் கட்டிய தூளியில் தம்பி படுத்தால் சொர்க்கம்தான். பகலில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஆட்டலாம், ராத்திரி முழுக்கத் தூளியில் விட வேண்டாம் என்றார். பிறந்த குழந்தை தூளிக்குள் வளைந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுப் பாதை மடங்கலாம். அதைவிடப் பெரிய பயம் மூத்த குழந்தைகள். தூளியை முறுக்கி விளையாடிக் கழுத்தில் சுற்றிக்கொண்ட செய்திகள் நம் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதனால் தம்பியை எடுத்த அடுத்த நிமிடம் தூளியைச் சுருட்டிக் கொக்கிக்கு மேலே செருகிவிடுவோம். ராத்திரி அவனுக்குத் தரையில் கெட்டியான மெத்தை, மேலே குடை போல விரிக்கிற கொசுவலை. மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதில்லை. பாப்பா அவன் பக்கத்தில் படுக்காமல் எனக்கு அந்தப் பக்கம் படுப்பாள், அவள் தூக்கத்தில் உருளுகிறவள்.

தூங்க வைப்பதற்கு ஏதாவது கொடுக்கச் சொல்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். வசம்பை உரைத்து நாக்கில் வை, கசகசாவை அரைத்துக் கொடு, ராத்திரி மட்டும் ஒரு மூடி சளி மருந்து கொடு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சளி மருந்தில் தூக்கம் வருவது பக்கவிளைவு, அதை வேண்டுமென்றே குழந்தையின் உடம்பில் வரவழைக்கிறோம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருக்கிறது. வீட்டில் இருக்கிற பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

தம்பி ஒரு வழிக்கு வருகிறபோது பாப்பா ஆரம்பித்தாள். படுத்து ஒன்றரை மணி நேரத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து அலறுவாள். கண் திறந்திருக்கும், எங்களைப் பார்க்க மாட்டாள். தொட்டால் தள்ளிவிடுவாள், வேர்த்துக் கொட்டும். பத்து நிமிடத்தில் தானே சாய்ந்து தூங்கிவிடுவாள். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. அத்தை பயந்துவிட்டார், எதையோ பார்த்திருக்கிறாள் என்றார். மருத்துவர், இது கெட்ட கனவு இல்லை என்றார். கெட்ட கனவு ராத்திரியின் பின்பாதியில் வரும், குழந்தை விழித்துவிடும், காலையில் கதை சொல்லும். இதுவோ ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் வெளியே வருவது, அதனால்தான் முன்ராத்திரியில் வருகிறது. எழுப்ப முயலாதீர்கள், விழுந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எந்த நேரத்தில் தூங்குகிறாள் என்று சொல்லுங்கள் என்றார். பதினொன்று ஆகிறது என்றோம். காலையில் ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன். அவள் வயதுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. அசதி ஏறினால்தான் இது அதிகம் வரும் என்றார்.

நம் வீடுகளில் குழந்தை பதினொன்றுக்குத் தூங்குவதற்குக் காரணம் குழந்தை இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு, டிவி இருக்கிற ஹாலில்தான் எல்லாரும் இருக்கிறோம், சீரியல் பத்து வரை ஓடுகிறது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பெரிய யோசனை. பகல் முழுக்கப் பேரப்பிள்ளைகளோடு மல்லாடுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கென்று இருப்பது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “மறுநாள் மத்தியானம் திருப்பிப் போடுறான்மா, அப்பப் பாத்துக்கறேன்” என்றார். எட்டு மணிக்கு டிவி நின்றது. அவர் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பாப்பாவுக்கு ஏழு மணிக்கே சாப்பாடு. இட்லி, இடியாப்பம் போல ஏதாவது. அப்புறம் கை கால் கழுவி, உடுப்பு மாற்றி, அத்தை நெற்றியில் விபூதி பூசி விடுவார். பயந்திருக்கிறாள் என்று அவர் ஆரம்பித்த விபூதி அது. அது அப்படியே நிலைத்துவிட்டது. விபூதி வைத்தால் படுக்கை என்று அவளுக்கே பழகிவிட்டது, சில நாள் அவளே சம்படத்தை எடுத்துக்கொண்டு வருகிறாள். அப்புறம் ஒரு கதை. ஒன்றுதான், “இன்னொண்ணு” என்று கேட்டால் நாளைக்கு. எட்டரை ஒன்பதுக்குள் தூங்கிவிடுகிறாள். தினமும் ஒரே வரிசை, அதுதான் முக்கியம், அந்த வரிசையில் என்ன இருக்கிறது என்பது அவரவர் வீட்டு வழக்கம். அலறல் சில வாரத்தில் குறைந்து, இப்போது எப்போதாவது ஊருக்குப் போய்வந்த அசதியில் மட்டும் வருகிறது. கத்திரி வெயிலில், அதுவும் கரண்ட் போனால், எந்த வரிசையும் நிற்காது. அந்த ராத்திரிகளில் எல்லாரும் மொட்டை மாடிதான்.

முழு ராத்திரி ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். தம்பிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது கணவருக்கு இரண்டு நாள் வார விடுமுறை சேர்ந்து வந்தது. “இன்னைக்கு நீ காலைல வரைக்கும் எந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். ஒன்பதரைக்குப் படுத்தேன். கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. முதலில் பதறித்தான் போனேன், ஏன் யாரும் அழவில்லை என்று. ஜாக்கெட் முழுக்கப் பால் கசிந்து நனைந்து, மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஹாலுக்கு ஓடிப் பார்த்தால் மூன்று பேரும் வரிசையாகத் தூங்குகிறார்கள். அப்போதுதான் நான் கனவு கண்டிருந்தது ஞாபகம் வந்தது. காரைக்குடி சந்தையில் தாழம்பூ வாங்குகிற மாதிரி. பல மாதமாக எனக்குக் கனவே வந்திருக்கவில்லை என்பது அந்தக் காலையில்தான் உறைத்தது.

அன்றைக்குக் காபியில் சிக்கரி தெரிந்தது. தேடாமலே பீரோச் சாவி இருக்கிற இடம் ஞாபகம் இருந்தது. பாப்பா ஸ்கூலில் ஒரு நாய்க்குட்டி வந்த கதையைச் சொன்னாள், அவள் சொல்கிற கதைக்கு முடிவே கிடையாது. “சரி சரி, சாப்பிடு” என்று சொல்லாமல் கடைசி வரை கேட்டேன், நாய்க்குட்டிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றுகூடக் கேட்டேன். தூக்கம் இல்லாத மாதங்களில் நான் பிள்ளைகளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். சாப்பாடு, குளியல், மருந்து, ஊசி எதுவும் தவறவில்லை. ஆனால் பார்த்துக்கொள்வது வேறு, அவர்களோடு இருப்பது வேறு. இரண்டாவதற்குத் தூக்கம் வேண்டும். ஏழெட்டு மணி நேரம் தூங்கி எழுந்த காலைக்கு நான் இப்போது சாமிக்கு நன்றி சொல்கிறேன், சம்பளம் வந்த நாளில் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

தூங்க இடம் கிடைத்தும் தூக்கம் வராத அம்மாக்கள் இருக்கிறார்கள். அது வேறு விஷயம். குழந்தை தூங்குகிறது, வீட்டில் ஆளும் இருக்கிறது, ஆனாலும் கண் மூட முடியவில்லை, மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகக்கூடியது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவி மையத்தில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். சும்மா அசதிதான் என்று நினைப்பவர்களும் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் வரை இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தருகிறார்கள், அதைப் பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழக அரசு ஊழியர்களான பெண்களுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். என்னைப் போலத் தனியாரில் இருப்பவர்களுக்கு 2017 முதல் 26 வாரம். அதாவது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது, இன்னும் ராத்திரி எழுகிற வயதில், நாம் காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியரான அப்பாக்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் தொழிற்சாலையில் இருக்கிற என் கணவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. அவர் தன் சொந்த லீவில்தான் எடுத்தார். ராத்திரியைப் பாதியாகப் பிரிக்க மனம் இருக்கிற அப்பாக்களுக்கும் கை கட்டிக் கிடக்கிறது என்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

இது மாறும் வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கும்பலாகப் போகாதீர்கள், அது குழந்தைகள் அதிகம் அழுகிற நேரம். காலை பத்து மணி போலப் போங்கள். கவுனும் பொம்மையும் அவர்களிடம் நிறைய இருக்கும். நான் இப்போது ஒரு டிபன் கேரியரில் சாதமும் ரசமும் ஒரு பொரியலும் எடுத்துக்கொண்டு போகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சளி இருமல் இல்லாத நாளாகப் பார்த்து, “பாலைக் கொடுத்துட்டு எங்கிட்ட குடு, நீ போய் ரெண்டு மணி நேரம் படு” என்று சொல்கிறேன். முதலில் எல்லாருமே “பரவால்லக்கா” என்கிறார்கள். இன்னொரு தடவை சொன்னால் போய்ப் படுத்துவிடுகிறார்கள்.